உங்களுக்குத் தெரியுமா? பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடும்!

அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு! தெரியாமல் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு இன்னொன்றில் இறங்கி முழிக்கும் வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் இரண்டு ஊரையும் ஒரே ரோடு கட்டிப் போட்டிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 381! அவிநாசியில் தொடங்கி, திருப்பூரைத் தாண்டி, அவிநாசிபாளையத்தில் கோவை – திருச்சி ரோட்டில் வந்து முடிகிறது.

அந்த ரோட்டில் காலையில் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்ததும், "ஐயோ, கேஸை அணைச்சனா?" என்று நெஞ்சு ஒரு தரம் திடுக்கிடும் பாருங்கள். எல்லோருக்கும் வரும்! வந்த வேகத்தில் போயும்விடும். சிலருக்கு மட்டும் போகாது. வேனை விட்டு இறங்க வைக்கும். வீட்டுக்குத் திரும்ப வைக்கும். பார்த்துவிட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி உள்ளே போக வைக்கும். அதுதான் ஓசிடி! தமிழில் எண்ணச் சுழற்சி நோய். அதைத் தோண்டியதில் கிடைத்ததெல்லாம் கீழே. ஒவ்வொன்றும் ஒரு வெடி!

உங்களுக்குத் தெரியுமா? 2015–16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் ஓசிடி பெரியவர்களில் 0.8 சதவீதம்! கணக்கெடுத்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. 0.8 என்றால் என்ன, பொடிச் சமாச்சாரம் என்கிறீர்களா? 500 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்குப் போடுங்கள். 4 பேர்! கட்டிங் டேபிளிலோ ஓவர்லாக்கிலோ உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆபீஸ் ரூமில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலும் இருக்கலாம்!

இன்னொரு கணக்கு. 2,000 டீ-ஷர்ட் உள்ள ஒரு லாட். பையர் ஆள் வருகிறார். அத்தனையையும் பிரித்தா பார்ப்பார்? இல்லை. 125 பீஸ் எடுப்பார். ஏக்யூஎல் என்ற தர அளவு 2.5 என்றால், அந்த 125-ல் 7 பீஸ் பழுது இருந்தாலும் லாட் பாஸ்! 8 ஆனால்தான் ஃபெயில்! ஐஎஸ்ஓ 2859 அட்டவணை சொல்லும் கணக்கு இது. உலகமே ஒத்துக்கொண்ட "போதும்" இது. ஓசிடி பிடித்த மனதுக்கு இந்தப் "போதும்" வருவதே இல்லை. 2,000-ஐயும் பார்க்கச் சொல்லும். பார்த்து முடித்தால், சரியாகப் பார்த்தோமா என்று பார்க்கச் சொல்லும்!

"நம்ம செக்கிங் சூப்பர்வைசருக்கு ஓசிடிதான்" என்று கிண்டல் அடிக்கிறீர்களா? அநியாயம்! ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? உடைந்த துண்டு எல்லாம் கிடைத்தாக வேண்டும். பொறுக்கி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி! ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் ஓடிய பீஸ் மொத்தமும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். இத்தனையும் நோய் இல்லை. துண்டு கிடைத்ததும் ரிஜிஸ்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறார் அல்லவா? அது பொறுப்பு. மூடிய ரிஜிஸ்டரை ராத்திரி இரண்டு மணிக்கு நினைத்து எழுந்து உட்கார்ந்தால், தினம் தினம் அப்படியே ஆனால், அது ஓசிடி!

எங்கே கோடு போடுவது? டாக்டர்களிடம் ஓர் அளவு இருக்கிறது. இந்த எண்ணமும் இந்தச் சடங்குமாக நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் போனால், அல்லது வேலையும் குடும்பமும் அடிபட்டால், போய்க் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது!

ஓசிடி என்றாலே கை கழுவுவதுதான் என்று நினைத்தீர்களா? 1975-ல் சண்டிகர் பிஜிஐ டாக்டர்கள் 82 நோயாளிகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மனநல இதழில் எழுதினார்கள். முதலிடம் சந்தேகத்துக்கு! நாலில் மூன்று பேருக்குச் சந்தேகம்தான்! பூட்டினேனா, அணைத்தேனா, எண்ணினேனா, எழுதினேனா! இன்றைக்கும் உலக ஆராய்ச்சிக் கட்டுரைகள் இந்த இந்திய ஆய்வை மேற்கோள் காட்டுகின்றன. காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்!

சரி, பூட்டை அத்தனை தடவை இழுத்துப் பார்ப்பவருக்கு மறதியா? இல்லவே இல்லை! இதுதான் இந்த வாரத்தின் ஆகப் பெரிய அதிசயம். 2003-ல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரில் ஒரு கேஸ் அடுப்பை வரைந்து வைத்தார்கள். நோய் எதுவும் இல்லாத கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்து, அணைத்தாயா பார், மறுபடி பார், மறுபடி பார் என்று 20 தடவை பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் கேட்டால், பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் தன் பதில் மேல் நம்பிக்கை போய்விட்டது! பார்த்த காட்சி மங்கிவிட்டது! நல்ல மனதுக்கே இந்தக் கதி!

2006-ல் நிஜ அடுப்பு வைத்தும் பார்த்துவிட்டார்கள். அதே கதைதான்! நம்பிக்கை எப்போது சரிகிறது என்றும் எண்ணினார்கள். இரண்டாவது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் நடுவிலேயே! அதாவது, சந்தேகம் தீரத்தான் பார்க்கிறோம். பார்ப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது!

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்ன கதை தெரியும்தானே? 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதையே ஆராய்ச்சி ஆக்கிவிட்டார்! அவருக்குக் குரங்கு கிடைக்கவில்லை, வெள்ளைக் கரடி கிடைத்தது. "5 நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதே, நினைத்தால் மணியை அடி" என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது! நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல்! எண்ணத்தை அமுக்கினால் எகிறும். பாட்டிக்கு ஒரு டாக்டர் பட்டம் பாக்கி இருக்கிறது!

"சீச்சீ, எனக்கு ஏன் இப்படி அசிங்கமான எண்ணம் வருது?" என்று தவிக்கிறீர்களா? 13 நாடுகளில் 777 மாணவர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வு. வேண்டாத எண்ணம் ஒன்றாவது கடந்த மூன்று மாதத்தில் வந்தது என்றவர்கள் எத்தனை பேர்? 100-க்கு 94!

அதற்கும் வெகு முன்பே, 1978-ல், இதைக் கண்டு சொன்ன இருவரில் ஒருவர் யார் தெரியுமா? நம் பக்கத்து இலங்கைக்காரர், பத்மால் டி சில்வா! லண்டனில் ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து ஆராய்ந்தார். நோய் இல்லாதவர்களில் 10-க்கு 8 பேருக்கு இதே மாதிரி எண்ணங்கள்! கேட்டால் நோயாளியின் எண்ணத்துக்கும் நம் எண்ணத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் எண்ணத்தில் இல்லை. அதைக் கண்டு நடுங்குவதிலும், அதோடு மல்லுக்கட்டுவதிலும் இருக்கிறது!

கோயிலில் கைகூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றியே கெட்ட எண்ணம். பெற்ற குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது "கத்தியால் குத்திடுவேனோ" என்று ஒரு மின்னல். பக்திமானுக்கும் பாசமான அம்மாவுக்கும்தான் இது வருகிறது! எதை உயிராக நினைக்கிறோமோ அதையே பிடித்து உலுக்கும் நோய் இது. அப்படி எண்ணம் வந்த அம்மா என்ன செய்வார் தெரியுமா? அரிவாள்மனையைப் பரண் மேல் ஏற்றிவிடுவார். குழந்தையைக் குளிப்பாட்டவே பயப்படுவார். செய்துவிடுவாரோ என்று நாம் பயப்படுகிறோம். அவரோ நம்மைவிட நூறு மடங்கு அதற்காகவே பயந்துகொண்டிருக்கிறார்! பிரசவத்துக்குப் பின் இந்த நோய் தலைகாட்டுவது டாக்டர்களுக்கு நன்றாகவே தெரிந்த சங்கதி. பேய் பிடிக்கவில்லை, மந்திரிக்க வேண்டாம். வைத்தியம் இருக்கிறது!

இது ஃபாரின் நோய், டிவி பார்த்து வந்த நோய் என்பாரா உங்கள் சித்தப்பா? 9-ஆம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் இதை எழுதி வைத்துவிட்டார்! டிவி அப்போது இல்லை சித்தப்பா!

1838-ல் பிரான்சில் எஸ்கிரோல் என்ற மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வயது 34. ஒரு நாள் அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது, "ஏப்ரன் பையில் அத்தையின் பொருள் ஏதாவது தெரியாமல் வந்துவிட்டதோ?" என்று ஒரு சந்தேகம். அங்கே தொடங்கியது! அப்புறம் கணக்கு எழுதினால் தப்பாகிவிட்டதோ என்று பயம். காசைத் தொட்டால் விரலில் ஏதாவது ஒட்டிக்கொண்டதோ என்று பயம். துணியை உதறுவார், விரலைத் தேய்ப்பார். இத்தனையும் அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரியும்! தெரிந்தும் விட முடியவில்லை. அதுதான் இந்த நோயின் கொடுமை!

1875-ல் அதே பிரான்சில் ஒரு மருத்துவர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். தலைப்பில் அவர் வைத்த பெயர்: சந்தேகப் பைத்தியம்!

கோடீஸ்வரன் தப்புவானா? மாட்டான்! விமானமும் சினிமாவும் வைத்திருந்த அமெரிக்கப் பணக்காரர் ஹோவர்ட் ஹியூஸ், தன் வேலைக்காரர்களுக்கு ஒரு பழ டப்பாவைத் திறக்க எழுதிக் கொடுத்த விதிமுறை 9 கட்டம்! ஒரு டப்பாவுக்கு!

கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2006-ல் தாமே சொன்னார், தமக்கு ஓசிடி என்று. ஃபிரிட்ஜில் டின்கள் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். ஒன்று உபரியானால் அதைத் தூக்கி வேறு அலமாரிக்கு அனுப்பிவிடுவார்!

நாய்க்கும் வரும்! டாபர்மேன் இனத்தில் சில நாய்கள் போர்வையை மணிக்கணக்கில் சப்பிக்கொண்டே இருக்கும். 2010-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதற்குக் காரணமான ஜீன் பக்கம் கை நீட்டிவிட்டார்கள். ஏழாவது குரோமோசோமில்!

எலிக்கும் உண்டு! 2007-ல் ஒரே ஒரு ஜீனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எலி தன் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. மனிதனுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டினையே கொடுத்தார்கள். தேய்ப்பது குறைந்தது! இன்னமும் "எல்லாம் கொழுப்பு, வேலை இல்லாத குறை" என்று சொல்வீர்களா?

இனி வைத்தியம். இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகவே குதிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்!

1966 வரை இந்த நோயை டாக்டர்கள் கைவிட்ட கேஸ் என்றே பார்த்தார்கள். அந்த வருஷம் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தலைகீழாக ஒன்று செய்தார். எதைத் தொடப் பயமோ அதைத் தொட வைத்தார். தொட்டபின் கழுவ விடவில்லை! நோயாளி விழித்திருக்கும் நேரமெல்லாம் நர்ஸுகள் கூடவே நின்று பார்த்துக்கொண்டார்கள். பயம் ஏறியது, ஏறியது, அப்புறம் தானாக இறங்கியது! வேறு எதற்கும் அசையாத நோய் அசைந்தது! இன்றைக்கும் ஓசிடிக்கு முதல் தரப் பேச்சு வைத்தியம் அதுதான். ஈஆர்பி என்பார்கள்.

எப்படி நடக்கும்? ஒரு பேப்பரில் உங்கள் பயங்களை எழுதி மார்க் போடச் சொல்வார்கள், 0 முதல் 100 வரை. உதாரணத்துக்கு, கதவுக் கைப்பிடி 20. பஸ் கம்பி 40. கம்பெனி டாய்லெட் குழாய் 80. முதலில் 20-க்காரரைத் தொட வேண்டும். தொட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். கை கழுவக் கூடாது, "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் கூடாது. நெஞ்சு படபடக்கும். உட்காருங்கள். குறையும். நாளைக்கு அதே கைப்பிடிக்கு உங்கள் மார்க் 20 இருக்காது! பொதுவாக 13 முதல் 20 அமர்வு. தவணை முறையில் தைரியம்!

நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் அதையும் சுருக்கிவிட்டார்கள். 4 நாள்! நாலே நாள் தீவிர வைத்தியம்! 4 வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோதும் 10-க்கு ஏறக்குறைய 7 பேர் குணமாகவே இருந்தார்கள்!

மாத்திரையா, பேச்சு வைத்தியமா? 2005-ல் அமெரிக்காவில் 122 பேரிடம் மோதவிட்டுப் பார்த்தார்கள். டம்மி மாத்திரைக்கு 8 சதவீதம் பேர் தேறினார்கள். குளோமிப்ரமின் மாத்திரைக்கு 42. ஈஆர்பிக்கு 62. இரண்டும் சேர்ந்தால் 70!

பிள்ளைகளுக்கு? 2004-ல் 112 பேர். டம்மி மாத்திரையில் நோய் விலகியது 100-க்கு 4 பேருக்குக்கூட இல்லை. மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தபோது பாதிக்கு மேல்! ஏழாம் கிளாஸ் பையன் ஹோம்வொர்க்கை அழித்து அழித்து நோட்டைக் கிழிக்கிறான் என்றால், அடிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளில் சிலருக்கு 10 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது!

வெறும் பேச்சும் பயிற்சியும் மூளையை மாற்றுமா? மாற்றும்! 1992-ல் லாஸ் ஏஞ்சலிஸில் லூயிஸ் பேக்ஸ்டர் குழு 18 பேரின் மூளையை ஸ்கேன் எடுத்தது. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்குப் பயிற்சி. 10 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். தேறியவர்களுக்கு மூளையின் அதே இடத்தில் அதே அமளி அடங்கியிருந்தது. மாத்திரை தொடாதவர்களுக்கும்!

மாத்திரை ஆரம்பித்து இரண்டே வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்தான் நம் ஊரில் அதிகம். ஓசிடிக்கு அவசரம் உதவாது சாமி! முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமைன் எதுவும் போதை மாத்திரை அல்ல. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்!

ஓசிடிக்கு மார்க் ஷீட்டும் உண்டு! 1989-ல் யேல், பிரவுன் பல்கலைக்கழக டாக்டர்கள் உருவாக்கியது. 10 கேள்வி, 40 மார்க். இதில் சென்டம் வாங்கக் கூடாது! 16-ஐத் தொட்டால் நடுத்தரம், 24-ஐத் தொட்டால் கடுமை. வைத்தியத்துக்குப் பின் 35 சதவீதம் இறங்கினால் டாக்டர் முகத்தில் சிரிப்பு!

இனி வீட்டுக்கு வருவோம். ராத்திரி ஒன்பதரை மணி. "ஏம்மிணி, மோட்டார் சுவிச்சு ஆஃப்லதான இருக்குது?" "ஆமாங்கத்தை." "நெசமாத்தான?" "நெசந்தானுங்கத்தை, பாத்துட்டுத்தான் வந்தேன்." பத்து நிமிஷம் கழித்து மறுபடி, "ஏம்மிணி..." பாசத்தில்தான் மருமகள் பதில் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு "ஆமாங்கத்தை"யும் நோய்க்குப் போடும் தீனி! வைத்தியத்தில் குடும்பத்துக்கும் பாடம் உண்டு. எல்லோரும் கலந்து பேசி வைத்துக்கொண்ட பின் மருமகள் சொல்ல வேண்டிய பதில் இது: "இது நோய் கேக்குற கேள்விங்கத்தை. இதுக்கு மட்டும் நா பதில் சொல்ல மாட்டனுங்." முதல் வாரம் வீடு ரணகளம். அப்புறம் கேள்வி குறையும்!

எங்கே போவது? கீழ்ப்பாக்கம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறதா? சென்னை மனநல மருத்துவமனை 1794-லேயே தொடங்கியதுதான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் தலைமை தாங்கிய இடம். 98 வயது வாழ்ந்தவர்! ஆனால் அவிநாசிபாளையத்துக்காரர் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. 381-லேயே போனால் திருப்பூர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறந்தாயிற்று. கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கி "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். "பைத்தியமா?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஓசிடிக்கு அட்மிட் போட்டுக் கட்டிவைப்பார்கள் என்று நினைத்திருப்பார். பெரும்பாலோர் வெளி நோயாளிகளாகவே தேறுகிறார்கள்!

கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ பொருந்தும். முதுகுவலிக்கு மட்டும் என்று எந்த விதியும் இல்லை!

முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமா? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பிரிவு 23: உங்கள் நோய் விவரம் ரகசியம்! அதே சட்டம், பிரிவு 21: மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு என்ன மரியாதையோ மன நோய்க்கும் அதே மரியாதை! பாலிசி எடுக்கும்போது ஏஜென்டிடம் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் போகும் போக்கே தனி!

அட, ஆஸ்பத்திரி வாசல்வரை போகவே தைரியம் இல்லையா? போன் இருக்கிறதே! 2022 அக்டோபர் 10-ல், உலக மனநல நாளன்று, டெலி-மானஸ் தொடங்கியது. தமிழ்நாட்டில் பெயர் "நட்புடன் உங்களோடு". தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். காசு கிடையாது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தும் கூப்பிடலாம். நம்பர் வெறும் ஐந்தே இலக்கம்: 14416!